ஆயுளைத் தீர்மானிக்கும் வாழிடம்

(தொழிலாளர் குடியிருப்பும் மக்கள் நலவாழ்வும் என்னும் பொருளில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

உடல்நலம் குறித்த பேச்சு எழும்போதெல்லாம் மருத்துவமனை, மருந்து, மருத்துவர் ஆகிய மூன்றே முன்னிறுத்தப்படுகின்றன. இவை மூன்றும் தேவை. அரசின் பொறுப்பில், கட்டணமின்றித் தேவை. ஆயினும் ஒரு தொழிலாளி மருத்துவமனை வாசலை மிதிப்பதற்கு நெடுங்காலம் முன்பே அவரது உடல்நலத்தின் பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. குடியிருக்கும் வீடு, குடிக்கும் நீர், உள்ளிழுக்கும் காற்று, வேலைக்குச் செல்லும் வழி ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றை யார் உடைமையாக வைத்திருக்கிறார்கள், யார் பராமரிக்க மறுக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கும்போது, நலவாழ்வு ஒரு வர்க்கப் பிரச்சனை என்பது புலப்படும்.

நகர்ப்புறச் சூழல் மக்கள் நலவாழ்வை எவ்வாறு உருவாக்குகிறது, எவ்வாறு சிதைக்கிறது என்பது பற்றி உலகெங்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பெருநகரங்களைப் பற்றியவை. ஆனால் மூலதனம் எங்கெல்லாம் ஆட்களைத் திரட்டி நெருக்கமாகக் குடியமர்த்துகிறதோ, அங்கெல்லாம் நகரத்தின் நெருக்கடி வந்து சேர்ந்துவிடுகிறது. நகரத்தின் வசதிகள் மட்டும் வருவதில்லை. கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் எல்லைப்பகுதி இதற்குத் தெளிவான சான்று. மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களின் லயங்கள், சித்தூர் வட்டத்தின் பிளாச்சிமடா, வாளையாற்றை ஒட்டிய கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை ஆகிய மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், நோய் எங்கே பிறக்கிறது என்பது விளங்கும்.

வரலாறு கற்பித்த பாடம்

இந்தக் கருத்து புதிதன்று. மான்செஸ்டர் நகரின் தொழிலாளர் தெருக்களை நேரில் கண்ட பிரெடரிக் எங்கெல்ஸ், 1845இல் வெளியிட்ட ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை’ என்னும் நூலில், மோசமான தெருக்களில் மோசமான வீடுகளில் வாழ்வோர் விரைவாக மடிவதை அக்காலத்துப் புள்ளிவிவரங்களைக் கொண்டே நிறுவினார். உயிர்வாழத் தேவையானவற்றை மறுத்து, அதன் விளைவு என்னவென்று தெரிந்தும் அந்நிலையைத் தொடர அனுமதிப்பதைச் சமூகக் கொலை என்று அவர் பெயரிட்டார். மூன்றாண்டுகள் கழித்து, மேல் சைலீசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராய பிரஷ்ய அரசு அனுப்பிய இளம் மருத்துவர் ருடால்ப் விர்ச்சோ, மருந்துப் பட்டியலோடு திரும்பவில்லை. மக்களாட்சி, கல்வி, நியாயமான வரி, உழைப்போரின் பொருளாதார மேம்பாடு ஆகியவற்றையே அவர் சிகிச்சையாகப் பரிந்துரைத்தார். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ சாவுகளை வரைபடத்தில் குறித்து, ஒரு தெருக்குழாயின் நீரே காரணம் என்று காட்டினார். காலராக் கிருமியை அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்வதற்கு முன்பே அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

காசநோயின் வரலாறும் இதையே சொல்கிறது. காசநோய்க்கு எதிரான முதல் சிறந்த மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டறியப்பட்டது. ஆனால் இங்கிலாந்தில் காசநோய்ச் சாவுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே குறைந்து வந்தன. உணவு, வீடு, சுகாதாரம் ஆகியவற்றில் எதன் பங்கு அதிகம் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். மருந்து வருமுன்பே சரிவு தொடங்கிவிட்டது என்பதில் அவர்களிடையே வேறுபாடில்லை.

சோவியத் ஒன்றியத்தின் அல்மா-ஆட்டா நகரில் 1978இல் கூடிய உலக மாநாடு, பாதுகாப்பான குடிநீரையும் அடிப்படைத் துப்புரவையும் ஆரம்ப சுகாதாரத்தின் பிரிக்க இயலாத கூறுகளாக அறிவித்தது. 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம், மைக்கேல் மார்மட் தலைமையில் அளித்த அறிக்கையில், மக்கள் பெருந்திரளாக மடிவதற்குச் சமூக அநீதியே காரணம் என்று கூறியது. எங்கெல்ஸ் சொன்னதை உலக நிறுவனம் ஏற்க 163 ஆண்டுகள் ஆயின.

மலைமேல் அமைந்த தொழிற்சாலைக் குடியிருப்பு

ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஓர் அறையும் ஒரு சமையலறையும்; இரு வீடுகளுக்கு இடையே ஒரே சுவர். இதுதான் லயம். மான்செஸ்டரின் முதுகொட்டிய வீடுகளும், பம்பாய் ஆலைத் தொழிலாளர்களின் சால்களும், மலைத்தோட்டங்களின் லயங்களும் ஒரே காலத்தின் உடன்பிறப்புகள். குறைந்த செலவில் அதிக ஆட்களை, வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே, கண்காணிப்பின் கீழ் தங்கவைப்பதே மூன்றின் நோக்கமும் ஆகும்.

அண்டையிலுள்ள ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், அங்கே கண்டதையும் கேட்டதையும் அடிப்படையாக வைத்து 1969இல் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழ் வாசகர் அறிந்த நூல் அது. மலேரியாவும் பசியும் குளிரும் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற காலத்தை அது பதிவு செய்தது. நோயாளியைக் குணப்படுத்தி, நோயை உண்டாக்கிய அதே குடியிருப்புக்குத் திருப்பியனுப்புவது மருத்துவம் ஆகாது என்று உணர்ந்த டேனியல், தோட்டத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டும் பணியிலும் இறங்கினார்.

மலேரியா கட்டுக்குள் வந்துவிட்டது. லயம் மறையவில்லை. கேரளத் தோட்டங்களில் பிரிட்டிஷார் காலத்துக் கட்டடங்களிலேயே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆண்டின் பல மாதங்கள் மழையும் பனியும் சூழும் மலையில், ஒழுகும் கூரையும் ஈரம் காயாத சுவரும் குழந்தைகளின் நுரையீரலை நேரடியாகத் தாக்குகின்றன. காற்றோட்டமற்ற சிறு அடுக்களையில் விறகடுப்பின் புகையைக் காலையும் மாலையும் சுவாசிப்பவர் பெண்களே. ஓர் அறைக்குள் மூன்று தலைமுறைகள் உறங்கும்போது ஒருவரின் இருமல் அனைவரின் இருமலாகிறது. மாணவர் படிக்கவும், புதுமணத் தம்பதியர் தனித்திருக்கவும், முதியவர் நோயில் ஓய்ந்து படுக்கவும் இடமில்லாத வீடு மன நலத்தையும் அரிக்கிறது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், குழந்தைகள் காப்பகம், வீடு ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. பெரும் போராட்டங்களின் விளைவாக வந்த சட்டம் அது. ஆனால் அதன் கீழ் கிடைத்த வீடு, வேலையோடு பிணைக்கப்பட்ட வீடாகவே இருந்தது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லையேல் மகனோ மருமகளோ தோட்டத்தில் பெயர் பதிந்தாக வேண்டும். கூரையைக் காப்பதற்காக அடுத்த தலைமுறையின் படிப்பு பலியிடப்படுகிறது. வேலையை இழந்தால் வீட்டையும் இழப்போம் என்ற அச்சத்தில் வாழ்பவர், ஒழுகும் கூரையைப் பற்றிப் புகார் செய்யவும் தயங்குவார். இந்த அச்சமும் ஒரு நோய்க் காரணியே.

2015 செப்டம்பரில் மூணாறு நகரின் சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் அமர்ந்தனர். 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். அப்போது நாள் கூலி 232 ரூபாய். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அப்போராட்டத்தில் கூலியோடு சேர்ந்து வீடும், கழிப்பிடமும், மருத்துவமும், இலைச் சுமை தூக்கித் தேய்ந்த முதுகெலும்பும் பேசப்பட்டன. நாள் முழுவதும் மலைச்சரிவில் கழிப்பிடமின்றி நின்று இலை பறிக்கும் பெண், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். சிறுநீர்த்தொற்று அதன் விலை. அப்பெண்களின் கோபம் நிர்வாகத்தின் மீது மட்டுமன்றித் தொழிற்சங்கங்களின் மீதும் திரும்பியது. உடலின் வலியைக் கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரியில் வைத்தால், அதைச் சுமப்பவர்களே வீதிக்கு வந்து முதல் வரிக்கு மாற்றுவார்கள் என்பதைத் தொழிற்சங்க இயக்கம் முழுவதும் அன்று கண்டது. அப்போராட்டத்தின் பின் நாள் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. போனஸும் கருணைத் தொகையும் சேர்ந்து 20 சதவீதம் கிடைத்தது. லயங்கள் அப்படியே நின்றன.

பெட்டிமுடி எழுப்பும் வினா

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 உயிர்கள் பறிபோயின. அவர்களில் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. இறந்தோரில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால், பேரழிவின் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. கொட்டித் தீர்த்த மழையைக் காரணம் காட்டி, இதை இயற்கைச் சீற்றம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது.

இங்கே சட்டத்தின் ஒரு பிரிவைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலாளி வழங்கிய வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 16ஏ பிரிவு கூறியது. ஆனால் அந்த இடிபாடு இயற்கைப் பேரிடரால் மட்டுமே நேர்ந்தது என்றால் பொறுப்பு இல்லை என்றும் அதே பிரிவு கூறியது. மழை இயற்கையானது. சரிவின் அடிவாரத்தில், நீரோடையின் பாதையில் வீட்டு வரிசையைக் கட்டியது யார்? அங்கே வாழ வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர் யார்? தொழிலாளி இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குப் பொறுப்பில்லை, தேர்ந்தெடுக்காதவர் உயிரை இழக்கிறார் என்றால், ‘இயற்கை’ என்ற சொல் உடைமைக்கு ஒரு கவசமாகிவிடுகிறது.

உயிர் பிழைத்தோருக்குக் குற்றியாறு வேலியில் 8 வீடுகள் கட்டித் தரப்பட்டன. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தபோதும் இறந்தவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் இருந்தனர். அங்கே கல்பெட்டா அருகே எல்ஸ்டன் தோட்ட நிலத்தை அரசு எடுத்து, 2025 மார்ச்சில் ஒரு முழு நகரியத்துக்கு அடிக்கல் நாட்டியது. தோட்ட நிலத்தை எடுத்துத் தொழிலாளிக்கு உரிமையுடன் வீடு கட்ட முடியும் என்பது இதனால் தெளிவாகிவிட்டது. பேரழிவுக்குப் பின் முடிவது, பேரழிவுக்கு முன் ஏன் முடியாது என்பதே மீதமுள்ள கேள்வி. 1971இல் சி. அச்சுத மேனன் அரசு கண்ணன் தேவன் மலைகள் நிலமீட்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சொந்த மனை இல்லை.

தண்ணீர் யாருடையது?

மலையிலிருந்து இறங்கிப் பாலக்காட்டின் கிழக்குச் சமவெளிக்கு வந்தால், நோய் நீர் வழியாக வந்த கதையைக் காணலாம். பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடா, மழை குறைந்த எல்லைப்புறக் கிராமம். இரவாளர், மலசர் முதலான பழங்குடி மக்களும் கூலி விவசாயிகளும் வாழும் ஊர். 2000ஆம் ஆண்டு அங்கே கொக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சின. ஊர்க் கிணறுகள் வற்றின. எஞ்சிய நீர் சமைக்கவும் குளிக்கவும் பயன்படாததாயிற்று. ஆலைக் கழிவுச் சேறு உரம் என்ற பெயரில் வயல்களுக்கு வழங்கப்பட்டது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003இல் பி.பி.சி. வானொலி எடுத்துச் சென்ற மாதிரிகளின் சோதனை வெளிப்படுத்தியது.

நல்ல நீருக்காகக் குடத்துடன் நெடுந்தூரம் நடந்தவர்கள் பெண்களே. நடையில் கழிந்த நேரம் கூலியை விழுங்கியது. கூலியின் இழப்பு உணவைக் குறைத்தது. உணவின் குறைவு உடலை நோய்க்குத் திறந்துவிட்டது. 2002 ஏப்ரல் 22இல் ஆலை வாயிலில் தொடங்கிய போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் மயிலம்மா என்ற இரவாளர் பெண்மணி. 2003இல் ஊராட்சி, ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து என்றும் அரசு அதன் காப்பாளர் என்றும் தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க ஆலைக்கு இடமளித்தது. எனினும் 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தியை மக்கள் மீண்டும் தொடங்கவிடவில்லை.

2010இல் மாநில அரசின் உயர்நிலைக் குழு, வேளாண்மை, நீர், உடல்நலம், கூலி ஆகியவற்றில் நேர்ந்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுக்கான தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரள சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமலேயே அது திரும்பி வந்தது. மயிலம்மா 2007இல் மறைந்தார். ஆலையை மூட முடிந்த மக்களால், இழந்த நலத்துக்கு ஈடு பெற முடியவில்லை. 2025 ஜனவரியில், இதே மாவட்டத்தின் எலப்புள்ளியில் மதுபான ஆலைக்கு மாநில அமைச்சரவை தொடக்க ஒப்புதல் அளித்தபோது, தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. பிளாச்சிமடாவின் கிணறுகளைக் கண்ட மக்கள் அவ்வாறு கேட்டதில் வியப்பில்லை.

கஞ்சிக்கோடு காட்டும் சிறு வழி

வாளையாறு கணவாய் வழியே கேரளத்துக்குள் நுழைவோர் முதலில் காண்பது கஞ்சிக்கோடு. கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளுள் அதுவும் ஒன்று. இரும்பு உருக்கும் ஆலைகளின் புகையும் தூசியும் பற்றி அங்குள்ள மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். ஆலைகளில் உழைப்போரில் பெரும்பகுதியினர் இன்று வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்றால், இங்கே ஓர் அறைக்குப் பத்துப் பேர். பகல் முறை முடித்தவர் எழுந்த பாயில் இரவு முறை முடித்தவர் படுக்கும் நிலை இந்தியாவின் பல தொழிற்பேட்டைகளிலும் உண்டு.

இந்நிலைக்கு மாற்றாக 2019 பிப்ரவரியில் கேரள அரசு கஞ்சிக்கோட்டில் ‘அப்னா கர்’ என்ற தொழிலாளர் விடுதியைத் திறந்தது. 640 பேர் தங்கத்தக்க அக்கட்டடத்தில் சமையலறைகளும் கழிப்பறைகளும் போதுமான அளவில் அமைக்கப்பட்டன. குறைந்த வாடகையில், பொது நிதியில், மனிதர் வாழத்தக்க குடியிருப்பைக் கட்ட முடியும் என்பதை அது காட்டியது. பல லட்சம் புலம்பெயர் தொழிலாளர் உழைக்கும் மாநிலத்தில் 640 இடங்கள் எம்மாத்திரம் என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே நிற்கிறது. மாதிரி ஒன்று இருந்தும் அதைப் பெருக்காமல் விடுவது, வழி தெரிந்தும் நடக்க மறுப்பதாகும்.

வீடு எங்கே இருக்கிறது என்பதும் நலத்தின் பகுதியே. தேனி மாவட்டத்தின் போடி, கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து பெண் தொழிலாளர்கள் நாள்தோறும் விடியுமுன் புறப்பட்டு, நெரிசல் மிகுந்த ஜீப்புகளில் மலையேறி, இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் உழைத்துவிட்டு இருட்டிய பின் திரும்புகின்றனர். ஏலம் பூச்சிக்கொல்லி மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர். அதைச் சுவாசிப்பது ஒரு மாநிலத்தில்; அதனால் வரும் நோய்க்கு மருத்துவம் பார்ப்பது மறு மாநிலத்தில். நஞ்சு எங்கே ஏறியது என்பது எந்த மாநிலத்தின் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. சென்னையில் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட உழைப்பாளரும், வேலைக்கும் வீட்டுக்கும் இடையே நீண்ட தொலைவின் விலையை உடலால் செலுத்துபவர்களே.

சராசரிக்குள் மறையும் உயிர்கள்

கேரளத்தின் குழந்தை இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 5 என்றும், இந்தியாவின் விகிதம் 25 என்றும் 2023ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு முறை அறிக்கை கூறுகிறது. நிலச் சீர்திருத்தம், பொதுக்கல்வி, பொது விநியோகம், அரசு மருத்துவம் ஆகியவற்றுக்காக நடந்த நெடிய போராட்டங்களின் கனி இது, பெருமைக்குரியது. ஆனால் சராசரி என்பது பெட்டிமுடியையும் கொச்சியின் அடுக்குமாடியையும் ஒரே எண்ணுக்குள் அடக்கிவிடும். நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. குடிகிடப்பு உரிமை பெற்ற விவசாயத் தொழிலாளியின் பேரன் இன்று சொந்த வீட்டில் வாழ்கிறார். தோட்டத் தொழிலாளியின் பேரன் இன்றும் லயத்தில் வாழ்கிறார். கேரள மாதிரி எட்டாத இடம் எதுவென்று தேடுவோர், நிலம் எட்டாத இடத்தைத் தேடினால் போதும்.

இந்நிலையில் ஒன்றிய அரசு, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை, பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் தொடர்பான தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டது. 2020இல் நிறைவேற்றப்பட்ட அச்சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. தோட்டத் தொழிலாளர் போராடிப் பெற்ற தனிச் சட்டம் மறைந்த பின், வீடும் குடிநீரும் கழிப்பிடமும் இனி விதிகளின் எழுத்தையும் ஆய்வாளரின் வருகையையும் பொறுத்தே அமையும். விழிப்போடு இருக்க வேண்டிய காலம் இது.

போராட்டத்தின் திசை

தோழர்களே, இவ்வளவிலிருந்தும் பிறக்கும் கோரிக்கைகள் தெளிவானவை. தோட்டத் தொழிலாளியின் வீடு வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டு, மனையுடன், பெண்ணின் பெயரும் சேர்ந்த பட்டாவாக வழங்கப்பட வேண்டும். சரிவுகளிலும் நீரோடைப் பாதைகளிலும் உள்ள ஒவ்வொரு லயமும் கணக்கெடுக்கப்பட்டு, அடுத்த பருவமழைக்கு முன் அங்குள்ள குடும்பங்கள் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட வேண்டும். வீட்டின் இடத்தைத் தீர்மானித்த முதலாளி, பேரிடரைக் காட்டிப் பொறுப்பிலிருந்து தப்ப இயலாதவாறு சட்டம் திருத்தப்பட வேண்டும். பணித்தளத்தில் கழிப்பிடம் வேண்டும்.

நிலத்தடி நீரில் முதல் உரிமை குடிநீருக்கே. அதைக் காக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு உறுதி செய்யப்பட வேண்டும். பிளாச்சிமடா மக்களுக்குரிய இழப்பீடு இனியும் தள்ளிப்போகலாகாது. ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் பொதுத்துறைத் தொழிலாளர் விடுதிகள் எழ வேண்டும். எல்லை கடந்து உழைக்கும் பெண்களுக்குப் பாதுகாப்பான பேருந்தும், பூச்சிக்கொல்லிப் பாதிப்பைக் கண்டறியும் முறையான பரிசோதனையும் இரு மாநில அரசுகளின் கூட்டுப் பொறுப்பாக வேண்டும்.

மருத்துவமனை வேண்டும் என்ற முழக்கத்தோடு வீடும் நீரும் நிலமும் வேண்டும் என்ற முழக்கமும் ஒரே குரலில் எழ வேண்டும். கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையின் மேசையில் கூரையும் குடிநீரும் இனி கடைசிப் பொருளாக இருக்கலாகாது. உழைப்போரின் ஆயுளை அவர்கள் வாழும் இடம் தீர்மானிக்கிறது. அந்த இடத்தைத் தீர்மானிக்கும் உரிமை உழைப்போர் கைக்கு வரும்வரை இப்போராட்டம் தொடர வேண்டும்.